மூளையின் அமைப்பு வேறுபடுகிறது என்றால் ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? ஏ.டி.எச்.டி., ஆட்டிசம், மனச்சிதைவு குறித்து

கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். மனநல மருத்துவர் அவனை நேரில் பார்த்து, எங்களிடமும் வகுப்பாசிரியையிடமும் விரிவாகக் கேட்டறிந்த பிறகு, அவனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட நிலை) இருப்பதாகக் கூறினார். ஸ்கேன் எதையும் அவர் எழுதித் தரவில்லை. உறவினர்களின் வற்புறுத்தலால் வேறொரு மருத்துவரிடம் சீட்டு வாங்கி, ஒரு தனியார் நிலையத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அன்று முதல், “மூளையில் ஒரு குறையும் இல்லை, வளர்ப்பில்தான் குறை” என்ற பேச்சை வீட்டில் நாள்தோறும் கேட்கிறேன்.

ஆனால் ஏ.டி.எச்.டி., ஆட்டிசம், மனச்சிதைவு, மனச்சோர்வு ஆகியவற்றில் மூளையின் அமைப்பே வேறுபடுவதாக அறிவியல் கட்டுரைகளில் படிக்கிறேன். அந்தக் கட்டுரைகள் உண்மையென்றால் என் மகனின் படத்தில் அது ஏன் தெரியவில்லை? படம் உண்மையென்றால் அந்தக் கட்டுரைகள் எதைச் சொல்கின்றன? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நிழற்படலம் (புதுச்சேரி, கதிரியக்கவியல் முதுநிலை மாணவர்)

அம்மா, இரண்டுமே உண்மை. அவை இரு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்கும் கதிரியக்க மருத்துவர் கட்டி, இரத்தக் கசிவு, பழைய காயத்தின் தழும்பு, பிறவியிலேயே ஒரு பகுதி உருவாகாமல் போன நிலை, மூளைக்குள் திரவம் நிறைந்த நீரறைகளின் வீக்கம் போன்றவற்றைத் தேடுகிறார். இவை கண்ணால் பார்த்தே அறியக்கூடியவை. உங்கள் மகனுக்கு இவற்றில் எதுவும் இல்லை என்பதே அந்த அறிக்கையின் பொருள். கவனத்தை நிலைநிறுத்தும் திறனைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது.

ஆய்வாளர்கள் செய்வது வேறு வேலை. ஆயிரக்கணக்கானவர்களின் படங்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பகுதியின் கன அளவையும் மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமனையும் அளந்து, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுகிறார்கள். மனிதப் புறணியின் தடிமனே சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதில் குழுக்களிடையே காணப்படும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி; எவ்வளவு தேர்ந்த கண்ணும் அதை ஒரு படத்தில் காண முடியாது.

‘எனிக்மா’ என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு, பல நாடுகளில் எடுக்கப்பட்ட படங்களை ஒரே முறையில் அளக்கும் பணியை 2009 முதல் செய்து வருகிறது. அதன் ஏ.டி.எச்.டி. ஆய்வு 2017-இல் வெளியானது. ஏ.டி.எச்.டி. உள்ள 1,713 பேரையும் இல்லாத 1,529 பேரையும் ஒப்பிட்டதில் அமிக்டலா, அக்கும்பென்ஸ், புட்டமென், காடேட், ஹிப்போகாம்பஸ் ஆகிய ஐந்து உட்பகுதிகளும் மூளையின் மொத்த அளவும் ஏ.டி.எச்.டி. குழுவில் சராசரியாகச் சற்றுச் சிறியவையாக இருந்தன. இந்தச் ‘சற்று’ என்பதைத்தான் செய்தித்தாள்கள் விட்டுவிடுகின்றன. இரு சராசரிகளின் இடைவெளியைத் திட்ட விலக்கத்தின் (ஒரு குழுவினரின் அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் எண்) மடங்காகக் குறிப்பது வழக்கம். அந்த ஆய்வில் மிகப் பெரிய இடைவெளியே 0.19 அளவுதான், அமிக்டலாவில். ஹிப்போகாம்பசில் 0.11. இடைவெளி 0.2 என்றால் இரு குழுக்களின் பரவல்கள் சுமார் 92 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இரண்டு பள்ளிகளின் மாணவர் உயரங்களை அளந்து, ஒரு பள்ளியின் சராசரி அரை சென்டிமீட்டர் குறைவு என்று கண்டறியலாம். அதை வைத்துக்கொண்டு தெருவில் எதிர்ப்படும் ஒரு சிறுவன் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவன் என்று சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் மகனின் ஹிப்போகாம்பஸ் சராசரியைவிடப் பெரியதாக இருந்தாலும் அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கலாம். சிறியதாக உள்ள பல குழந்தைகளுக்கு அது இல்லை. உங்கள் மருத்துவர் ஸ்கேன் எழுதாமல், வீட்டிலும் பள்ளியிலும் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டதே சரியான முறை.

சிறப்பாசிரியர் (நெல்லிக்குப்பம்)

விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் இரு குழுக்களைப் பற்றி ‘இந்தக் குழந்தைகளின் மூளை சிறியது’ என்று தலைப்பிட்டுச் செய்தி வரும்போது, அதன் சுமையை எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சுமக்கிறார்கள். மூளை சிறியது என்று கேட்டவுடன் அறிவு குறைவு என்று முடிவு செய்கிற பெற்றோரையும், ஆசிரியர்களையும்கூட நான் பார்த்திருக்கிறேன். தனி ஒரு பிள்ளைக்கு எந்தப் பயனும் தராத ஆய்வை ஏன் இவ்வளவு பெரிய அளவில் செய்ய வேண்டும்?

வில்லியனூரான் (உளவியல் ஆய்வு மாணவர்)

ஆசிரியரின் கவலை நியாயமானது. மூளையின் கன அளவைக் கொண்டு ஒருவரின் அறிவை அளக்க முடியாது என்பதை முதலில் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இந்த ஆய்வுகள் பயனற்றவை என்பதை நான் ஏற்கவில்லை. அவற்றிலிருந்து நாம் கற்றுக்கொண்டவற்றுள் மிக முக்கியமானது, மூளையின் அமைப்பு நிலையான ஒரு முத்திரையன்று, வயதோடு நகரும் ஒரு பாதை என்பதாகும். மேலே சொன்ன 2017 ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறுபாடுகள் குழந்தைகளிடம்தான் மிகுதியாக இருந்தன. பெரியவர்களை மட்டும் தனியே ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஃபிலிப் ஷாவும் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே அமைந்தது. பெருமூளைப் புறணியின் பாதிப் பகுதி தன் உச்சத் தடிமனை அடையும் வயது மற்றக் குழந்தைகளிடம் சுமார் 7.5 என்றும், ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடம் சுமார் 10.5 என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். வளர்ச்சியின் வரிசை இரு குழுவிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது, காலம்தான் தள்ளிப்போனது. தாமதம் மிகுதியாகத் தெரிந்தது, திட்டமிடுதலுக்கும் தன்னடக்கத்துக்கும் துணைசெய்யும் முன்மூளைப் புறணியில்.

ஆட்டிசத்தில் கதை வேறு திசையில் தொடங்குகிறது. ஆட்டிசம் உள்ள மூத்த குழந்தை பிறந்த குடும்பங்களில் அடுத்துப் பிறந்த சிசுக்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட சிசுக்களின் புறணிப் பரப்பு 6 முதல் 12 மாதங்களுக்குள் மற்றவர்களைவிட வேகமாக விரிந்தது. இரண்டாம் ஆண்டில் மூளையின் கன அளவும் கூடுதலாக வளர்ந்தது. பேச்சுத் தாமதத்தையும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாததையும் பெற்றோர் கவனிக்கத் தொடங்கும் முன்பே இது நிகழ்ந்துவிடுகிறது. வளர்ந்தவர்களிடம் இந்தப் பெருக்கம் தேய்ந்துவிடுகிறது. எனிக்மா 2018-இல் 1,571 ஆட்டிசம் உடையவர்களை ஆராய்ந்தபோது சில உட்பகுதிகள் சிறிதளவு சிறுத்தும், முன்மூளைப் புறணி சிறிதளவு தடித்தும், பக்கமூளைப் புறணி சிறிதளவு மெலிந்தும் காணப்பட்டன. அங்கும் இடைவெளி 0.2-ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான்.

ஆசிரியர் ஐயா, பத்து வயதுப் பிள்ளையால் நாற்காலியில் அமர முடியாததற்கு அவன் வளர்ச்சியின் கால அட்டவணை ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஒரு பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டியது இல்லையா?

நிழற்படலம் (புதுச்சேரி)

ஒரு திருத்தமான வாசிப்பைச் சேர்க்க விரும்புகிறேன். 7.5, 10.5 என்ற எண்களை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டாம். 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான வாழ்நாள் மூளை வளர்ச்சி வரைபடங்கள், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,23,984 படங்களைக் கொண்டு உருவானவை. கருவிலிருந்து நூறு வயது வரை அவை நீள்கின்றன. அவற்றின்படி நரம்பு செல்கள் செறிந்த சாம்பல் பொருளின் மொத்த அளவு ஏறத்தாழ 6 வயதிலும், அவற்றை இணைக்கும் இழைகளாலான வெண்பொருள் 29 வயதை ஒட்டியும் உச்சம் பெறுகின்றன. புறணியின் சராசரித் தடிமனோ 2 வயதுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது.

பழைய கணக்குகள் தள்ளிப்போனதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் வலுவாகச் சொல்லப்படுகிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தலை சிறிதளவு அசைந்தாலும், கண்ணுக்குப் படம் தெளிவாகவே தோன்றினாலும், மென்பொருள் புறணியை உள்ளதைவிட மெல்லியதாக அளந்துவிடும். 2015-இல் தன்னார்வலர்களை வேண்டுமென்றே அசையச் சொல்லி இதைச் சோதித்து நிறுவியிருக்கிறார்கள். சிறு குழந்தைகள் அதிகம் அசைவார்கள், ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகள் இன்னும் அதிகம் அசைவார்கள். நோயின் அடையாளம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுக்க இயலாமையின் அடையாளமாக இருந்துவிடக்கூடும். புதிய ஆய்வுகள் அசைவை அளந்து கழித்துவிட்டே கணக்கிடுகின்றன. படிக்கும் கட்டுரையில் அதைச் செய்திருக்கிறார்களா என்று நான் முதலில் பார்ப்பேன்.

தாமதம் என்ற கருத்து இதனால் வீழ்ந்துவிடவில்லை. அதன் அளவைப் பற்றித்தான் எச்சரிக்கை தேவை.

பாகூர் ஏரி (புதுச்சேரி)

இந்த உரையாடலைப் படித்தபோது என் தங்கையின் நினைவு வந்தது. அவளுக்குக் கல்லூரி நாட்களில் மனச்சிதைவு தொடங்கியது. மனச்சிதைவில் மூளை சுருங்குகிறது என்றும், அதற்குக் காரணம் மாத்திரைகள்தாம் என்றும் ஒரு காணொளி எங்கள் குடும்பக் குழுவில் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்கிறார். குழந்தைகளின் நிலைகளில் சொல்லப்பட்ட மிகச் சிறிய இடைவெளிதான் இதிலும் உள்ளதா? மாத்திரையைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையா?

கொள்ளிடம் வடகரை (சிதம்பரம், மனநல மருத்துவர்)

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: மருத்துவரிடம் பேசாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் காணொளி என் நோயாளிகளின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

மனச்சிதைவில் இடைவெளி சற்றுப் பெரியதுதான். 1976-இல் இலண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டோனும் டிம் க்ரோவும் குழுவினரும், அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேன் கருவியைக் கொண்டு, நெடுங்கால மனச்சிதைவு உள்ளவர்களின் மூளை நீரறைகள் விரிந்திருப்பதைக் காட்டினார்கள். மனச்சிதைவை உடலோடு தொடர்பற்ற குடும்பச் சிக்கலாக மட்டுமே பலர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 1990-இல் வெளியான ஓர் ஆய்வு ஒரே கரு இரட்டையர்களை எடுத்துக்கொண்டது. 15 இணைகளில் ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு நோய் உண்டு, மற்றவருக்கு இல்லை. அவற்றுள் 14 இணைகளில், நோயுற்றவரின் இடது ஹிப்போகாம்பசின் முற்பகுதி அவருடைய இரட்டையரைவிடச் சிறியதாக இருந்தது. மரபணுவெல்லாம் ஒன்றாக இருந்தும் மூளை வேறுபட்டிருந்தது என்பது இன்றும் என்னைச் சிந்திக்க வைக்கிறது. 2016-இல் எனிக்மா 2,028 நோயாளிகளை ஆராய்ந்து ஹிப்போகாம்பசின் இடைவெளியை 0.46 என்று கணித்தது. ஏ.டி.எச்.டி.யில் கண்டதைப் போல இது நான்கு மடங்கு. அப்போதும் இரு குழுக்களின் பரவல்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் படிந்தே உள்ளன. ஆகவே இதிலும் ஸ்கேனைக் கொண்டு நோயை உறுதிசெய்ய முடியாது.

மருந்தைப் பற்றிய கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அதில் உண்மையின் ஒரு பங்கு உள்ளது. 2005-இல் வெளியான குரங்கு ஆய்வில் மனச்சிதைவு மருந்துகளான ஹாலோபெரிடால் அல்லது ஒலான்சபின் நீண்ட காலம் கொடுக்கப்பட்ட விலங்குகளின் மூளை 8 முதல் 11 விழுக்காடு சிறியதாக இருந்தது. மனிதர்களிடம் 2020-இல் வெளியான ஒரு கட்டுப்பாட்டு ஆய்வு, மனமருட்சியுடன் கூடிய மனச்சோர்விலிருந்து தேறியவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒலான்சபினையும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையையும் 36 வாரங்கள் கொடுத்துப் பார்த்தது. ஒலான்சபின் எடுத்தவர்களின் புறணி சிறிதளவு மெலிந்தது. காணொளிகள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. அதே ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்து நோய் திரும்பியவர்களின் புறணியும் மெலிந்தது. வெற்று மாத்திரை எடுத்தும் தேறிய நிலையிலேயே நீடித்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. நோயின் மறுவரவுக்கும் மூளையில் ஒரு விலை இருக்கிறது என்றே இதை நான் படிக்கிறேன்.

மெலிவு மட்டுமே அளவுகோலும் ஆகாது. மனிதர் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறாரா என்பதே பெரிய கேள்வி. பின்லாந்தில் மனச்சிதைவு உள்ள 62,250 பேரை இருபது ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், மனச்சிதைவு மருந்துகளை எடுத்துக்கொண்ட காலங்களைவிட எடுத்துக்கொள்ளாத காலங்களில் இறப்பு வீதம் மிகுதியாக இருந்தது. உங்கள் தங்கைக்குத் தேவையான மிகக் குறைந்த அளவு எது, எடையும் சர்க்கரையும் எப்படி உள்ளன என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த உரிமை உங்களுக்கும் தங்கைக்கும் உண்டு.

மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறைப் பற்றியும் ஒரு வரி. அதில் லித்தியம் எடுத்துக்கொள்பவர்களின் புறணி, எடுத்துக்கொள்ளாதவர்களைவிடத் தடித்துக் காணப்படுகிறது. எல்லா மருந்தும் மூளையை ஒரே திசையில் தள்ளுவதில்லை.

கெடிலக்கரை (கடலூர்)

மருத்துவர் ஐயா, என் மகனுக்கு மெத்தில்ஃபெனிடேட் தொடங்கலாம் என்கிறார்கள். அதுவும் மூளையைச் சிறிதாக்குமா?

கொள்ளிடம் வடகரை (சிதம்பரம்)

இல்லை அம்மா, அதற்கான சான்று கிடைக்கவில்லை. 2002-இல் கஸ்டெல்லானோஸ் குழுவினர் மருந்தே எடுத்திராத ஏ.டி.எச்.டி. குழந்தைகளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். மருந்து எடுக்காதவர்களிடமும் மூளை சிறிதளவு சிறியதாகவே இருந்தது. வெண்பொருளைப் பொறுத்தவரை மருந்து எடுக்காதவர்களின் அளவே மருந்து எடுத்தவர்களைவிடக் குறைவு. ஆகவே அந்த வேறுபாட்டை மருந்தின் மீது சுமத்த முடியாது. பசி குறைகிறதா, தூக்கம் கெடுகிறதா, உயரமும் எடையும் சீராகக் கூடுகின்றனவா என்பவையே நீங்கள் கண்காணிக்க வேண்டியவை.

நெறியாளர்

குழந்தைகளின் ஸ்கேன் படங்களையும் பெயர் தெரியும் அறிக்கைகளையும் இங்கே பதிவேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே பதிவேற்றப்பட்ட ஒரு படத்தை நீக்கியுள்ளோம்.

சிறப்பாசிரியர் (நெல்லிக்குப்பம்)

எனக்கு இன்னும் ஒரு ஐயம். ஏ.டி.எச்.டி.யிலும் ஹிப்போகாம்பஸ், மனச்சிதைவிலும் அதுவே என்கிறீர்கள். ஒவ்வொரு நோய்க்கும் மூளையில் தனி இடம் உண்டு என்றுதான் பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

வில்லியனூரான் (புதுச்சேரி)

அந்தப் பாடம் பழையதாகிவிட்டது ஐயா. இந்தத் துறையில் எனக்கு மிகவும் ஆர்வமூட்டும் இடமும் இதுதான். 2015-இல் 193 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு, போதைப் பழக்கம், ஓ.சி.டி. (வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் நோய்), பதற்றக் கோளாறுகள் ஆகிய ஆறையும் ஒப்பிட்டார்கள். ஆறிலும் பொதுவாகச் சாம்பல் பொருள் குறைந்திருந்த பகுதிகள் சிங்குலேட்டின் முன்மேற்பகுதியும் இருபுற இன்சுலாவும். கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பவும், தவறை உணர்ந்து திருத்திக்கொள்ளவும் துணைநிற்கும் வலைப்பின்னலின் முனைகள் இவை. நோயின் பெயர்கள் வேறாக இருந்தும் இவர்களுக்குப் பொதுவான ஒரு சிரமம் இருப்பதை மருத்துவமனையில் பார்ப்பவர்கள் அறிவார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கே ஏ.டி.எச்.டி.யும் இருப்பது மிகச் சாதாரணம், 2013-இல் டி.எஸ்.எம். என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு வரும்வரை அவ்விரண்டையும் ஒருவருக்கே சேர்த்துக் குறிப்பிட விதி இடம்தரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018-இல் நெதர்லாந்திலிருந்து தாமஸ் வோல்ஃபர்சும் குழுவினரும், ஒவ்வொரு நோயாளியின் மூளையும் தன் வயதுக்குரிய இயல்பு எல்லையிலிருந்து எங்கே மிகுதியாக விலகுகிறது என்று தனித்தனியே வரைந்து பார்த்தார்கள். மனச்சிதைவு என்ற ஒரே பெயரைக் கொண்டவர்களிடையே, ஒரே இடத்தில் விலகல் இருந்தவர்கள் இரண்டு விழுக்காட்டினர் அளவே. வெவ்வேறு நோய்களுக்குள் ஒற்றுமையும் ஒரே நோய்க்குள் இவ்வளவு வேற்றுமையும் இருக்கின்றன. ‘மனச்சிதைவு மூளை’, ‘ஆட்டிச மூளை’ என்று ஒன்றை வரைந்து சுவரில் மாட்ட முடியாது. குழந்தையின் படம் இயல்பாக இருந்தது என்று இங்கே தொடங்கிய கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது: எந்தக் குழந்தையும் சராசரியின் படமாக இருப்பதில்லை.

கெடிலக்கரை (கடலூர்)

அப்படியானால் வளர்ப்பு? கைபேசி கொடுத்ததாலும், நான் வேலைக்குப் போவதாலும்தான் இப்படி ஆனான் என்கிறார்கள்.

கொள்ளிடம் வடகரை (சிதம்பரம்)

அம்மா, தாயின் அன்புக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாட்டு மருத்துவர்களே எழுதினார்கள். இரட்டையர் ஆய்வுகள் அதைத் தகர்த்தன. ஏ.டி.எச்.டி.யிலும் ஆட்டிசத்திலும் மரபுப் பங்கு சுமார் 70 முதல் 80 விழுக்காடு அல்லது அதற்கும் மேல் என்று அவை தொடர்ந்து காட்டிவருகின்றன. சூழல் மூளையைத் தொடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ருமேனிய அனாதை இல்லங்களில் கடும் புறக்கணிப்பில் தொடக்க மாதங்களைக் கழித்து, பின்னர் இங்கிலாந்தில் தத்தெடுக்கப்பட்டவர்களின் மூளை, இளமைப் பருவத்தில் சராசரியாக 8.6 விழுக்காடு சிறியதாக இருந்ததை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் குழந்தைகளுக்கு உணவும் தீண்டலும் பேச்சும் இல்லாமல் இருந்தன. வேலைக்குப் போய்த் திரும்பி மகனோடு உட்கார்ந்து பாடம் படிக்கும் தாயை அதனோடு ஒப்பிடுவது பெரும் அநீதி. இதை உங்கள் வீட்டாரிடம் நேரில் சொல்லவும் நான் தயார்.

நிழற்படலம் (புதுச்சேரி)

ஸ்கேன் எப்போதுதான் தேவை என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருப்பதால் இங்கேயே எழுதுகிறேன். வலிப்பு இருந்தால், தலையின் சுற்றளவு வயதுக்கு மீறிப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால், கற்ற பேச்சையும் நடையையும் குழந்தை இழந்துவிட்டால், உடலின் ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால், தோலில் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் போன்ற மரபு நோய்களின் வெளிர்புள்ளிகள் தென்பட்டால் நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ. கேட்பார். முதல் முறையாக மனமருட்சி வந்த பெரியவருக்கும், குறிப்பாக அது பிந்திய வயதில் வந்தால், வேறு நோயை விலக்குவதற்காகப் படம் எடுப்பதுண்டு. இவை இல்லாத சிறு குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க, பல வேளைகளில் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ‘மூளை வரைபடத்தால் ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்கிறோம்’ என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

சிறப்பாசிரியர் (நெல்லிக்குப்பம்)

சான்றிதழுக்கும் ஸ்கேன் கேட்பார்கள் என்று பெற்றோரிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும், குறிப்பிட்ட கற்றல் குறைபாடும், மனநோயும் உள்ளன. ஆட்டிசத்துக்கு ‘இசா’ என்ற 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலால்தான் மதிப்பிடுகிறார்கள். குழந்தையைப் பார்த்தும் பெற்றோரைக் கேட்டும் நிரப்பப்படுவது அது. ஏ.டி.எச்.டி. தனியாக அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அத்துடன் கற்றல் குறைபாடும் இருக்கும் பிள்ளைகள் பலர். கெடிலக்கரை அம்மா, மகனின் வாசிப்பையும் எழுத்தையும் தனியே மதிப்பிடச் சொல்லுங்கள். கற்றல் குறைபாடு உறுதியானால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வழி உண்டு. கடலூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்கு வந்து செல்வது உங்களுக்கு எளிதென்றால் அங்குள்ள மனநல மருத்துவத் துறையில் இதைக் கேட்கலாம். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். வகுப்பாசிரியைக்கு நான் எழுதிவைத்திருக்கும் குறிப்பு ஒன்றைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். முன் வரிசையில் இடம், ஒரே நேரத்தில் ஒரே கட்டளை, இடையிடையே எழுந்து நடக்க அனுமதி, இவற்றை எப்படிச் செயல்படுத்துவது என்று அதில் உள்ளது.